மேகம் மறைத்த மலை

நம் தமக்கையின் மகன் ஓர் உல்லாசக் கப்பலில் சமையற்கூடப் பணியாளனாக இருக்கிறான். நம் கடற்கரை ஊர்களில் இவ்வாறு கப்பலுக்குப் போன பிள்ளை இல்லாத தெரு அரிது. சென்ற கோடையில் அவனிடமிருந்து கைப்பேசியில் ஒரு குரற்செய்தி வந்தது. குரலில் கோபம் கொப்பளித்தது. அலாஸ்காவின் தென்கிழக்குக் கோடியில் கெச்சிக்கன் என்றொரு துறைமுக நகரம் உண்டாம். கப்பல் அங்கே ஒரு பகற்பொழுது நிற்குமாம். அன்று அவனுக்கு ஐந்து மணி நேர ஓய்வு. நீரிலிருந்தே கிளம்பி நீரிலேயே இறங்கும் சிறு விமானத்தில் ஏறி, அந்நாட்டு மலைகளைப் பார்த்துவர மூன்று மாதங்களாகப் பணம் சேர்த்துச் சீட்டு வாங்கியிருந்தான். காலையில் போய் நின்றால், மலைப்பக்கம் மேகம் இறங்கியிருக்கிறது, இன்று பறப்பதற்கில்லை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

“மழைகூட இல்லை மாமா. சும்மா கொஞ்சம் மேகம். இதுக்கே பயந்துட்டாங்க!” என்று முடித்திருந்தான்.

பிள்ளையின் ஏமாற்றம் நம்மையும் தொட்டது. “போகட்டும், அடுத்த முறை பார்க்கலாம்” என்று ஆறுதல் சொல்லி அனுப்பினோம். ஆயினும் அவன் சொன்ன ஊர் எங்கிருக்கிறது, அந்த விமானம் எத்தகையது என்றறியும் ஆவல் நம்மை விடவில்லை. தேடத் தொடங்கிய நாம், 2015ஆம் ஆண்டு அதே ஊரில் நிகழ்ந்த ஒரு விபத்தைப் பற்றிய விசாரணை அறிக்கையில் போய் நின்றோம். அதன் பின்னர் பல இரவுகள் செபமாலை முடிந்து வீட்டார் உறங்கச் சென்றபின், அந்த அறிக்கையைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த எண்ணங்களைத்தான் வாசக அன்பர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கெச்சிக்கன் ஒரு தீவில் இருக்கிறது. வெளியுலகோடு அதனை இணைக்கும் சாலை கிடையாது. கப்பலில் வரவேண்டும், அல்லது விமானத்தில் வரவேண்டும். ஆண்டில் ஏறத்தாழ 150 அங்குலம் மழை பெய்யும் ஊர் அது. அங்கே வானம் வெளுத்திருப்பது விருந்தாளி வருவது போன்ற செய்தி. ஊருக்குக் கிழக்கே ‘மிஸ்டி ஃபியோர்ட்ஸ்’, அதாவது மூடுபனி சூழ்ந்த கடற்கால்கள் எனப்படும் காட்டுப்பகுதி விரிந்து கிடக்கிறது. 1978ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அதனைத் தேசிய நினைவகமாக அறிவித்துக் காத்துவருகிறது. பழங்காலத்தில் பனியாறுகள் பாறையைக் குடைந்து இறங்கிய பள்ளங்களில் கடல் புகுந்து நிற்கிறது. இருமருங்கிலும் 3,000 அடி உயரத்துக்குச் செங்குத்தான கருங்கற்சுவர்கள். அவற்றினின்று வெள்ளிக் கயிறுகள்போலத் தொங்கும் அருவிகள். கடவுளின் கைவண்ணத்தைக் காண்பவர் வாயடைத்துப் போகின்றனர் என்பதில் வியப்பில்லை. உல்லாசக் கப்பல்களில் வருவோர் பலர் அதைக் காணாமல் திரும்ப மனம் கொள்வதில்லை.

அங்கே செல்வதற்குரிய வாகனம் மிதவை விமானம். சக்கரங்கள் இருக்கவேண்டிய இடத்தில் படகு போன்ற இரு மிதவைகள் பொருத்தப்பட்டிருக்கும். ஓடுதளம் வேண்டுவதில்லை, ஏரியோ, ஆறோ, அமைதியான கடற்கழியோ போதும். நாம் குறிப்பிடும் விமானம் கனடா நாட்டு டி ஹாவிலண்ட் நிறுவனத்தார் செய்த ‘ஆட்டர்’ வகையைச் சேர்ந்தது. ஆட்டர் என்றால் நீர்நாய். அவ்வகையின் முதல் விமானம் 1951ஆம் ஆண்டு பறந்தது. மொத்தம் 466 விமானங்கள் செய்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பழைய எந்திரத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி இன்னும் பறக்கவிடுகிறார்கள் என்றால், அது எவ்வளவு உறுதியான படைப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய சிறு விமானங்களுக்குத் திருச்சபையும் கடன்பட்டிருக்கிறது என்பதை இடையே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமல மரி தியாகிகள் சபையைச் சேர்ந்த பவுல் ஷுல்ட்டே அடிகளார், தம் நண்பரான ஒரு குரு ஆப்பிரிக்காவில் நோயுற்றுத் தக்க வாகனமின்மையால் உயிரிழந்த செய்தி கேட்டு மனம் உடைந்தார். மறைபரப்பாளர்களுக்கு ஊர்தி வழங்கும் ‘மீவா’ அமைப்பை 1927இல் தொடங்கினார். 1938இல் வடதுருவக் கடலோரத்தில் ஆர்க்டிக் பே என்னுமிடத்தில் நோயுற்றுக் கிடந்த கோஷார் அடிகளாரை, தாமே விமானம் ஓட்டிச் சென்று மீட்டு மருத்துவமனையில் சேர்த்தார். அலாஸ்காவின் தென்கிழக்குத் தீவுகளிலும் குருமார் படகிலும் சிறு விமானத்திலும் சென்றே திருப்பலி நிறைவேற்றி வந்தனர். 1951இல் ஏற்பட்டு 2020இல் ஆங்கரேஜோடு இணைக்கப்பட்ட ஜூனோ மறைமாவட்டத்தின் கதையே பெரும்பாலும் நீரின் கதையும் வானின் கதையுந்தான். இழப்பும் உண்டு. 1930 அக்டோபரில் வட அலாஸ்காவின் கோட்செபுவில் மறைபரப்பு விமானம் ஒன்று விழுந்ததில், இயேசு சபைத் தலைவர் டெலோன் அடிகளாரும் மற்றொரு குருவும் விமானியும் ஒருங்கே மாண்டார்கள்.

விபத்துக்கு வருவோம்.

2015ஆம் ஆண்டு ஜூன் 25. கப்பலிலிருந்து இறங்கிய பயணிகள் 8 பேர், விமானி ஒருவர், ஆக 9 பேர் அந்த ஆட்டரில் ரட்யர்டு விரிகுடாவுக்குச் சென்றார்கள். அங்கே நீரின்மேல் மிதக்கும் ஒரு மேடை உண்டு. சற்று நேரம் இறங்கி நின்று மலைகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அதே நிறுவனத்தின் நான்கு விமானங்கள் ஏறத்தாழ ஐந்து நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. இந்த விமானம் மூன்றாவது. பயணிகள் 12.30 மணிக்குள் கப்பல் ஏறியாக வேண்டும். ஒரு மணிக்குக் கப்பல் புறப்பட்டுவிடும். விமானிக்கும் அடுத்த குழுவினர் 12.30க்குக் காத்திருந்தனர். கிளம்பும்போதே நண்பகல் கடந்துவிட்டது.

ஊர் திரும்ப இரு வழிகள் உண்டு. ஒன்று குறுக்கு வழி: சுமார் 25 கடல் மைல், 13 நிமிடம், பெரும்பாலும் மலைகளின்மேல் செல்வது, காட்சிக்கு இனியது. மற்றொன்று சுற்று வழி: சுமார் 63 கடல் மைல், 25 நிமிடம், பெரும்பாலும் கடற்கால்களின்மேல் செல்வது. வானிலை கெட்டிருக்கும் நாளில் சுற்று வழியே சிறந்தது எனக் கருதப்பட்டது. ஏனெனில் மேகத்துக்கு அடியில் தாழ்வாகவே பறந்து செல்லலாம். நிலைமை முற்றினால் கீழிருக்கும் நீரில் இறங்கிக் காத்திருக்கலாம். மிதவை விமானத்துக்குக் கடல் எங்கும் நிலையந்தானே! எவ்வழியில் போவது என்று முடிவு செய்வது அந்தந்த விமானியின் பொறுப்பு. அன்று இரண்டாவதாகக் கிளம்பிய விமானி சுற்று வழியைத் தேர்ந்துகொண்டார். மற்ற மூவரும் குறுக்கு வழியை எடுத்தார்கள்.

இரு வழிகளுக்கும் உள்ள வேற்றுமை 12 நிமிடம். இவ்வெண்ணை முதன்முதல் வாசித்தபோது நாம் அறிக்கையை மூடிவைத்துவிட்டோம். ஞாயிறு திருப்பலியில் அருளுரை பன்னிரண்டு நிமிடம் நீண்டுவிட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர்களுள் நாமும் ஒருவர்.

இந்த விமானங்கள் மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறப்பவை அல்ல. கண்ணால் கண்டு, மலையை விலக்கி, ஏரியை அடையாளம் வைத்துப் பறப்பவை. எனவே மேகம் இறங்கிய கணவாயில் விமானிக்கு அடையாளங்களே துணை. குறுக்கு வழியில் ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள இரண்டு மலைகள் வரும். இரண்டையும் கடந்த பிறகே மேற்கே திரும்ப வேண்டும். அன்று அந்த விமானி முதல் மலையைக் கடந்ததுமே திரும்பிவிட்டார். இரண்டாவது மலையைத்தான் கடந்துவிட்டோம் என்று நம்பியிருக்க வேண்டும். வழக்கமான வழியிலே சென்றிருந்தால் அவர் பறந்த உயரம் போதுமானதே. அவர் திரும்பிய திசையிலோ 1,900 அடி உயரமுள்ள மலை ஒன்று மழையிலும் பனிமூட்டத்திலும் மறைந்து நின்றது. கடைசி இரண்டு வினாடிகளில் விமானத்தின் மூக்கு வேகமாக மேல்நோக்கித் தூக்கப்பட்டிருக்கிறது. அப்போதுதான் அவர் மலையைக் கண்டார். 12.15 மணியளவில், 1,600 அடி உயரத்தில் விமானம் மலையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

இவையெல்லாம் எப்படித் தெரிந்தன என்று வாசகர் கேட்கலாம். கருவிகளின் பதிவோடு, மாண்டவர்களே சாட்சி கூறினார்கள் என்றுதான் சொல்லவேண்டும். அவர்களுடைய கைப்பேசிகளும் படக்கருவிகளும் மலைச்சரிவிலிருந்து மீட்கப்பட்டன. அவற்றில் இருந்த படங்களையும், அன்று அப்பகுதியில் பறந்த மற்றப் பயணிகள் எடுத்த படங்களையும் வரிசைப்படுத்தி, வழியில் மேகமும் மழையும் எப்படி நெருங்கின என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வீட்டில் இருப்போருக்குக் காட்டவென்று எடுத்த படங்கள் அவை. நாமும் திருத்தலப் பயணம் போனால் பேருந்துச் சன்னலோரம் உட்கார்ந்து அப்படித்தானே எடுக்கிறோம்!

நம்மை மிகவும் உறுத்திய செய்தி வேறொன்று. விமானம் மலையை நெருங்கினால் உரக்க எச்சரிக்கும் கருவி ஒன்று அதில் பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் அதன் எச்சரிக்கை எழாதபடி அடக்கிவைக்கப்பட்டிருந்தது. சதி ஏதும் இல்லை. அக்கருவி தரையிலிருந்து 700 அடி இடைவெளியையாவது எதிர்பார்ப்பது. அப்பகுதி விமானங்களோ அன்றாடம் அதனினும் தாழ்வாகவே பறப்பவை. ஆகவே கருவி ஓயாமல் கத்தும். ஆபத்தில்லாத வேளையிலும் கத்துகின்ற மணியை யார்தான் எத்தனை நாள் பொறுப்பர்? விசையைத் தட்டி அடக்கிவிடுவது விமானிகளிடையே வழக்கமாகிவிட்டது. பாவசங்கீர்த்தனத்துக்குமுன் ஆன்ம சோதனை செய்ய நமக்குச் சிறுவயதில் கற்பித்த பங்குத் தந்தை ஒருவர், “மனச்சான்று செத்துப் போவதில்லை, அதன் வாயை நாம் பொத்திவிடுகிறோம்” என்பார். அவர் இந்த விசையைக் கண்டிருந்தால் தம் மறைக்கல்வி வகுப்புக்கு எடுத்துப் போயிருப்பார்.

அமெரிக்க நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இவ்விபத்தை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, 2017 ஏப்ரலில் தன் முடிவை அறிவித்தது. அவ்வாரியம் ஒரு நீதிமன்றம் அன்று. யாரையும் தண்டிப்பது அதன் வேலையில்லை. ஏன் நேர்ந்தது, மறுபடி நேராதிருக்க என்ன செய்யலாம் என்பவையே அதன் வினாக்கள். எந்திரத்தில் பழுது ஏதும் காணவில்லை. பார்வையை நம்பிப் பறக்கவேண்டியவர் பார்வையில்லாத இடத்துக்குள் தொடர்ந்து சென்றதும், அதனால் வழி தடுமாறியதும் காரணம் என்றது வாரியம். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. மோசமான வானிலையிலும் பறப்பதை வாய்விட்டுச் சொல்லாமலே ஊக்கிய நிறுவனத்தின் வழக்கமும், ஊரிலுள்ள சுற்றுலா விமான நிறுவனங்களுக்கிடையே இருந்த போட்டியின் நெருக்கடியைக் கட்டுக்குள் வைக்காததும், முறையான பாதுகாப்புத் திட்டம் இல்லாமையும் சமமான காரணங்கள் என்று எழுதியது. ஒரு பயணம் பாதுகாப்பாக நடைபெறும் என்று விமானியும் அலுவலகத்தில் இருப்பவரும் சேர்ந்தே முடிவு செய்யவேண்டும் என்பது நிறுவனத்தின் சொந்த விதி. அன்று அத்தகைய பேச்சே நடைபெறவில்லை. முடிவு விமானி ஒருவர் தலையிலேயே விழுந்தது. தென்கிழக்கு அலாஸ்காவில் சுற்றுலா விமானம் ஓட்டுவதில் அவருக்கு இரண்டு மாத அனுபவம்கூட நிறைந்திருக்கவில்லை.

நாம் முதலில் அந்த விமானியின்மேல் கோபம் கொண்டோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எட்டுப் பேரின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியும் செய்வாரா என்று கேட்டோம். பிறகு அவர் இருந்த இருக்கையில் நம்மை வைத்துப் பார்த்தோம். முன்னே போன விமானங்கள் இரண்டு; அவற்றுள் ஒன்று குறுக்கு வழியில் போயிருக்கிறது. பின்னே ஒன்று வருகிறது. கப்பல் காத்திருக்காது. பயணிகள் கடிகாரம் பார்க்கிறார்கள். அடுத்த குழு மேடையில் நிற்கிறது. வேலையில் புதியவர். இந்நிலையில், “நான் மட்டும் சுற்றிப் போகிறேன்” என்று சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! அன்று சுற்று வழியைத் தேர்ந்துகொண்ட மற்றொரு விமானியும் இருந்தார். அவருடைய பயணிகள் ஊர் வந்து சேர்ந்தார்கள். அன்று மாலை தங்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று அவர்கள் எண்ணியிருப்பார்களோ என்னவோ!

இங்கே நம் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. எழுத நாணமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்குமுன் குடும்பத்தோடு கொடைக்கானல் போய், ஒரு மாலை வாடகை வேனில் மலையிறங்கிக் கொண்டிருந்தோம். கொடைரோடு நிலையத்தில் இரவு இரயிலைப் பிடிக்க வேண்டும். பாதி வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. முன்விளக்கின் ஒளி வெள்ளைச் சுவரில் மோதியதுபோல் நம்மிடமே திரும்பி வந்தது. ஒரு தேநீர்க்கடை அருகே ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, “ஐயா, இதுக்கு மேல ரோடே தெரியாது. அரை மணி நேரம் பார்த்துட்டுப் போவோம்” என்றார். இருபத்தைந்து வயது இருக்கலாம். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? “ரயில் போய்விடும் தம்பி. மெதுவாக ஓட்டு. மாதா பார்த்துக்கொள்வாள்.”

அவர் ஒரு கணம் நம் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்தார். உதவியாளனைக் கதவோரம் நிறுத்தி, சாலையின் விளிம்பைப் பார்த்துச் சொல்லச் செய்துகொண்டே இறங்கினார். வண்டிக்குள் பெண்கள் செபமாலை சொன்னார்கள். நாமும் சொன்னோம். வந்து சேர்ந்தோம். இரயில் ஒரு மணி நேரம் தாமதம்.

ஊர் திரும்பியதும் மாதா கோவிலில் மெழுகுதிரி ஏற்றி நன்றி செலுத்தினோம். பல பேரிடம் இதனைப் புதுமையைப்போல் சொல்லியும் இருக்கிறோம். அறிக்கையை வாசித்த பின்னர்தான் நம் செயல் நமக்கு வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். அவர் ஒருவரே அந்தப் பாதையை அறிந்தவர். அவருடைய வாயை நாம் அடைத்தோம். அதற்கு மாதாவின் பெயரைப் பயன்படுத்தினோம். வண்டி பள்ளத்தில் உருண்டிருந்தால் செய்தித்தாள் என்ன எழுதியிருக்கும்? ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று. ஒன்றும் நேரவில்லை என்பதே நம்மை அத்தனை ஆண்டுகளும் குற்றமற்றவராகக் காட்டிக்கொண்டிருந்தது. கெச்சிக்கனிலும் அப்படித்தான் பல நாள் மேகத்தினூடே போய் ஒன்றும் நேராமல் வந்திருப்பார்கள்.

நம் பாட்டனார் கட்டுமரக்காரர். கச்சான் காற்று பெருத்த நாளில் விடியுமுன் கரையில் வந்து நிற்பார். வானத்தைப் பார்ப்பார், நீரோட்டத்தைப் பார்ப்பார், “இன்னைக்கு வேண்டாம்” என்று சொல்லி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார். அன்று அடுப்பில் கஞ்சிதான். அவரைக் கோழை என்று சொல்ல எவருக்கும் வாய் வந்ததில்லை. அவர் பேரன் பிள்ளைகளாகிய நாம் எப்போது அந்தச் சொல்லைக் கற்றோம் என்று தெரியவில்லை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 செப்டம்பரில் கனடா நாட்டின் வடமேற்கில் ஃபோர்ட் சிம்ப்சன் என்னும் ஆற்றங்கரைச் சிற்றூரில் பழங்குடி மக்களைச் சந்திக்கவிருந்தார். தொலைதூரங்களிலிருந்து வந்து கூடாரமடித்து மக்கள் காத்திருந்தார்கள். அன்று காலை அடர்ந்த மூடுபனி. திருத்தந்தையின் விமானம் இறங்க முடியாமல் யெல்லோநைஃப் நகருக்குத் திரும்பிவிட்டது. மக்கள் வானொலியில் அவர் குரலைக் கேட்டதோடு சரி. எத்தனை மாத ஆயத்தம், எத்தனை பேர் ஏக்கம்! மறுபடி வருவேன் என்று வாக்களித்த அவர் 1987 செப்டம்பர் 20ஆம் நாள் வந்தார், மக்களும் வந்தார்கள். உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பயணமே மேகத்துக்குப் பணிந்து மூன்று ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது. நம் இரயில் எம்மாத்திரம்!

2015க்குப் பிறகு எல்லாம் சீராகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. 2018 ஜூலையில் அதே ஊருக்குத் திரும்பிய வேறொரு ஆட்டர் விமானம், அண்டைத் தீவில் ஜம்போ மலைமேல் மோதியது. அதிலும் எச்சரிக்கைக் கருவி அடக்கிவைக்கப்பட்டிருந்தது. கடலோரக் காவற்படையினரின் ஹெலிகாப்டர் சென்று, அதிலிருந்த 11 பேரையும் உயிரோடு மீட்டது. 2019 மே மாதத்தில் இரு சுற்றுலா விமானங்கள் வானத்திலேயே மோதி 6 பேர் மாண்டனர். 2021 ஆகஸ்டில் மறுபடியும் தாழ்ந்த மேகம், மறுபடியும் மலை, 6 பேர். அங்கே கணவாய்களைக் காட்டும் வானிலைப் படக்கருவிகள் உண்டு. யார் வேண்டுமானாலும் அவற்றைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு என்ன செய்வது என்பது மட்டும் மனிதரிடம் விடப்பட்டிருக்கிறது.

துக்க வீடுகளில், “எல்லாம் ஆண்டவர் சித்தம்” என்று சொல்வது நம் வழக்கம். நாமும் பலமுறை சொல்லியிருக்கிறோம். வேறென்ன சொல்வதென்று தெரியாதபோது அது துணைக்கு வரும் சொல். ஆனால் சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் மற்றவரைவிடப் பெரும்பாவிகள் என்று எண்ணுகிறீர்களோ என்று நம் ஆண்டவரே மக்களைக் கேட்டார். அக்கோபுரத்தைக் கட்டியவர் யார், சுவர் வெடித்திருந்ததை முன்னரே கண்டவர் எவரேனும் உண்டா என்று நாம் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. கெச்சிக்கனில் அந்த வேலையைச் செய்தவர்கள், மலைச்சரிவில் ஏறி உடைந்த கைப்பேசிகளைப் பொறுக்கி எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அதனையும் இறந்தோருக்காகச் செய்யும் இரக்கச் செயல் என்றே நாம் கருதுகிறோம். குருமார் ஒப்புவார்களா என்பது தெரியாது.

இவற்றையெல்லாம் சுருக்கமாக எழுதித் தமக்கை மகனுக்கு அனுப்பினோம். மலைப்பாதையில் நடந்ததையும் மறைக்காமல் எழுதினோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்த செய்தி இதுதான்: “சரி மாமா. சீட்டுக் கொடுத்த இடத்துல ஒரு அக்கா இருந்தாங்க. கோபத்துல அவங்களை ஒரு மாதிரி பேசிட்டேன். அடுத்த முறை கப்பல் அங்க நின்னா போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்.”

அந்த வேன் ஓட்டுநரின் பெயரைக்கூட நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முன்பு, இறந்தோர் பெயர்ப்பட்டியல் எழுதக் கோவில் அலுவலறைக்குப் போனோம். பெற்றோர், பாட்டனார், பாட்டியார் என்று வழக்கமான பெயர்களைச் சொல்லி முடித்தபின், “இன்னும் ஒன்பது பேர்” என்றோம். உபதேசியார் தலை நிமிர்ந்தார்.

“ஒன்பது பேரா? பெயரைச் சொல்லுங்க.”

“பெயர் வேண்டாம். எட்டுப் பயணிகள், ஒரு விமானி என்று எழுதுங்கள்.”

“நமக்கு உறவா?”

இல்லை என்றோம். அவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. ‘எட்டுப் பயணிகள்’ என்று எழுதினார். கீழே ‘ஒரு விமானி’ என்று எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தி, “ஊர்ப் பெயர் போடணுமே. எந்த ஊர்?” என்றார். சொன்னோம். அவருக்குப் பிடிபடவில்லை. தாளை நம் பக்கம் திருப்பி, “நீங்களே எழுதிடுங்க” என்று பேனாவை நம் கையில் கொடுத்தார்.